அண்ணாவிடம் எப்படிக் கேட்பது?

வணக்கம் ஐயா,

சாவகச்சேரிப் பக்கம் இருக்கிறேன். ஆசிரியை. இரண்டு வருடமாக டயலிசிஸ். கிழமைக்கு இரண்டு தரம் யாழ்ப்பாணம் வந்துபோகிறேன். மாற்றுச் சிறுநீரகம்தான் வழி என்று வைத்தியர் சொல்லிவிட்டார். கனடாவில் இருக்கும் அண்ணா தான் தருவதாக முதலில் சொன்னார். இப்போது அந்தப் பேச்சையே எடுப்பதில்லை, நானும் கேட்பதில்லை. வீட்டுக்கு வருகிற எல்லோரும் "நம்பிக்கையோட இரும் பிள்ளை" என்று சொல்லி, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகிறார்கள். எப்படி இருப்பது என்று ஒருவரும் சொல்வதில்லை. நீங்களாவது சொல்லுங்கள்.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள ரீச்சர்,

அந்தத் தேத்தண்ணி வரியில் சிரித்துவிட்டேன், குறை நினைக்காதீர்கள். தண்ணீரை அளந்து குடிக்கிற ஒருவருக்கு முன்னால் இருந்து, கோப்பையை ஊதி ஊதிக் குடித்தபடி தைரியம் சொல்ல எங்கள் ஆட்களால்தான் முடியும்.

என் மச்சான் ஒருவரும் டயலிசிஸில்தான் இருக்கிறார். நம்பிக்கை என்று யாராவது தொடங்கினால் எழும்பிப் போய்விடுவார். ஆனால் விடிந்தவுடன் அன்றைக்குரிய தண்ணீரை ஒரு சோடாப் போத்தலில் அளந்து வைப்பார். தேத்தண்ணி குடித்தால், சோற்றுக்கு ரசம் விட்டால், அதே அளவைப் போத்தலில் இருந்து பூமரத்துக்கு ஊற்றிவிடுவார். பின்னேரம் போத்தலைப் பார்த்தால் மிச்சம் தெரியும். படுக்கப் போகுமுன், ஃபிஸ்டுலா போட்ட கையில், அதாவது டயலிசிஸ் ஊசி குத்துவதற்காக இரத்தக் குழாய்களை இணைத்துவிட்ட கையில், விரலை வைத்து இரத்தம் ஓடுகிற அதிர்வு இருக்கிறதா என்று பார்ப்பார். அந்தக் கையில் பிரஷர் பார்க்க எந்தத் தாதியையும் விடமாட்டார். உற்சாகமான மனிதர் என்று சொல்லமுடியாது. ஆனாலும் நாளையை எண்ணாதவர் இவ்வளவு மினக்கெடமாட்டார்.

உங்களுக்கும் இப்படியான வேலைகள் இருக்கின்றன. பல்லில் சொத்தை இருந்தால் இப்போதே காட்டுங்கள். மாற்றுச் சிகிச்சைக்குப் பிறகு தொடர்ந்து எடுக்கிற மருந்துகள் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும்; சின்னக் கிருமித்தொற்றும் அப்போது பெரிதாகிவிடும். ஹெபடைட்டிஸ் பி ஊசி முழுவதும் போட்டாயிற்றா என்று கிளினிக்கில் கேளுங்கள். இரத்தம் குறைந்தால், ஏற்றுவதா அல்லது ஊசி மருந்தால் கூட்டலாமா என்று வைத்தியரிடம் கேட்பதில் தவறில்லை. பிறருடைய இரத்தம் ஏற்றும்போது உடம்பில் எதிர்ப்பொருள்கள் உருவாகி, பொருத்தமான சிறுநீரகம் கிடைப்பது கடினமாகலாம். அவசரத்துக்கு ஏற்றத்தான் வேண்டும், அது வேறு. அப்புறம், கந்தசஷ்டி விரதம் பிடித்து இளநீரில் முடிக்கிற எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். இளநீரில் பொட்டாசியம் அதிகம். அது இரத்தத்தில் ஏறினால் இதயத் துடிப்பே குழம்பிவிடும். முருகன் கோபிக்கமாட்டார்.

சரி, அண்ணாவுக்கு வருவோம்.

கேட்காமல் இருப்பது அவருக்குச் செய்கிற உதவி என்று நினைக்கிறீர்கள் போலிருக்கிறது. எனக்கு அப்படித் தெரியவில்லை. உங்கள் கோல் வரும்போதெல்லாம் அவர் மனம் குறுகுறுக்கும். நாளாக ஆக எடுக்கவே தயங்குவார். பேசாமல் இருப்பதால் மறுத்துவிட்டார் என்றும் முடிவுகட்ட வேண்டாம். அவருக்குப் பயமாக இருக்கலாம், அண்ணிக்கு இன்னும் பயமாக இருக்கலாம், அவருக்கே பிரஷரோ சீனி வருத்தமோ இருக்கலாம். ஆரோக்கியமான ஒருவர் ஒரு சிறுநீரகத்தோடு வாழலாம், மிஞ்சியது கூடுதலாக வேலை செய்யும் என்பது உண்மை. ஆனால் அதற்கும் வயிற்றைக் கீறத்தான் வேண்டும். பயப்படுகிறவரைக் குறைசொல்ல முடியாது.

கோல் எடுக்காதீர்கள், அழுதுவிடுவீர்கள். எழுதுங்கள். "அண்ணா, முதல் உங்கட இரத்த வகையை மட்டும் பார்த்துச் சொல்லுங்கோ. மிச்சத்தைப் பிறகு யோசிப்பம். ஏலாது எண்டாலும் ஒளிக்காமல் சொல்லுங்கோ, நான் எப்பவும் உங்கட தங்கச்சிதான்." இவ்வளவு போதும். இருவருக்கும் ஒரே வகையாக இருக்கவேண்டும் என்றில்லை. ஓ வகைக்காரர் எந்த வகைக்கும் கொடுக்கலாம், பொசிட்டிவ் நெகட்டிவ் வித்தியாசம் சிறுநீரகத்துக்குத் தடையில்லை.

ஏலாது என்று பதில் வந்தால் வலிக்கும். ஆனால் அதற்குப் பிறகு மற்றச் சகோதரங்களையோ கணவரையோ பற்றி கிளினிக்கில் பேசலாம். இறந்தவர்களிடமிருந்து பெறுகிற வழியையும் விசாரிக்கலாம். இப்போது அந்தக் கதவுகளை நீங்கள் தட்டவே இல்லை. தரகர் பக்கம் மட்டும் தலைவைக்காதீர்கள். உறுப்பை விற்பதையும் வாங்குவதையும் எங்கள் நாட்டில் 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம் தடைசெய்திருக்கிறது.

அண்ணா என்ன பதில் சொன்னாலும் எனக்கு எழுதுங்கள். பல் காட்டப் போனீர்களா என்பதையும் சேர்த்து.