போய்ச் சேர்ந்த அன்று ஏன் அழுதேன்?

அன்புள்ள ஆலோசகருக்கு,

எனக்கு 39 வயது. ஒரு தனியார் நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் வேலை. திருமணம் செய்துகொள்ளவில்லை. அம்மா, தம்பி, தம்பி குடும்பம் என எல்லோரும் ஒரே வீட்டில் இருக்கிறோம். அம்மாவுக்கு மாத்திரை தீர்ந்தாலும், குழாய் ஒழுகினாலும், தம்பி பிள்ளையின் பள்ளிக்கூடத்தில் யாராவது வந்து நிற்க வேண்டுமென்றாலும் என் பெயரைத்தான் கூப்பிடுவார்கள். அதில் எனக்குக் குறை இல்லை. ஆனாலும் நாலு நாள் யாரும் கூப்பிடாத ஓரிடத்தில் இருந்துவிட்டு வர வேண்டும் என்று வெகுகாலமாக ஆசை.

போன மாதம் போனேன். கூட்டம் இல்லாத பருவமாகப் பார்த்து, கடலோரத்தில் ஒரு சின்ன ரிசார்ட்டில் மூன்று இரவுகளுக்கு அறை எடுத்தேன். மதியம் போய்ச் சேர்ந்தேன். வரவேற்பில் இருந்த பெண், “கூட யாரும் வரலையா மேடம்?” என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார், எனக்குத்தான் முகம் சூடாகிவிட்டது. பையைக் கொண்டுவந்து வைத்தவர் கதவைச் சாத்திவிட்டுப் போனதும் அலைச் சத்தம் தவிர வேறு எதுவும் இல்லை. ஜன்னலுக்கு வெளியே கடல். எத்தனையோ நாள் போனில் படமாகப் பார்த்துப் பார்த்து ஏங்கிய அதே காட்சி. கட்டிலில் உட்கார்ந்தேன், அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல் அழுதேன்.

அப்புறம் அம்மாவுக்குப் போன் செய்தேன். மாத்திரை போட்டாயா என்று கேட்டேன். மணிக்கொரு தடவை ஏதாவது சாக்கு வைத்து மறுபடியும் கூப்பிட்டேன். கடைசியில் அம்மாவே, “நீ ஊருக்குப் போயிருக்கியா, இங்கேயே இருக்கியா?” என்று கேட்டுவிட்டாள். இரவு சாப்பாட்டுக் கூடத்தின் வாசல் வரை போனேன். உள்ளே ஒரு குடும்பமும் ஒரு ஜோடியும் இருந்தார்கள். திரும்பி வந்து அறைக்கே வரவழைத்துச் சாப்பிட்டேன். தூக்கம் கிட்டவே வரவில்லை. யாரோ நடக்கும் சத்தம், ஃப்ரிட்ஜ் ஓடும் சத்தம் எல்லாவற்றுக்கும் விழித்தேன். தாழ்ப்பாளை எழுந்து எழுந்து பார்த்தேன். காலைப் பேருந்தில் இடம் தேடினேன், கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் கிளம்பியிருப்பேன்.

மறுநாள் சாயங்காலம் எப்படியோ மாறிவிட்டது. மூன்றாம் நாள் உண்மையிலேயே நன்றாக இருந்தேன். கிளம்ப மனசே இல்லை.

இப்போது பிரச்சினை இதுதான். இன்னொரு கடலோர இடத்துக்கு ஏற்கெனவே முன்பணம் கட்டியிருக்கிறேன். ரத்து செய்ய வேண்டுமானால் சீக்கிரம் சொல்ல வேண்டும். நடந்ததைக் கேட்ட தோழி, இது மனச்சோர்வாக இருக்கலாம் என்கிறாள். எனக்கு வேறு பயம். முதல் நாள் பார்த்தேனே, அதுதான் உண்மையான நான் என்று தோன்றுகிறது. யாருக்கும் நான் தேவைப்படாதபோது உள்ளே ஒன்றுமே இல்லை. மற்ற இரண்டு நாளும் சமாளித்திருக்கிறேன், அவ்வளவுதான். நான் போகலாமா?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி


அன்புச் சகோதரிக்கு,

முதலில் தோழியின் சந்தேகத்தைப் பார்த்துவிடுவோம். மனச்சோர்வு என்று நாங்கள் சொல்வதற்கு, மனம் கனத்துப் போவதோ எதிலும் பிடிப்பில்லாமல் போவதோ குறைந்தது 2 வாரம், நாளின் பெரும்பகுதியும் நீடிக்க வேண்டும். கூடவே தூக்கம், பசி, கவனம் போன்றவையும் கெட்டிருக்கும். ஒரு மதியம் தொடங்கி மறுநாள் சாயங்காலத்துக்குள் விலகிய அழுகை அந்தக் கணக்கில் வராது. ஆனால் உங்கள் கடிதத்தில் இல்லாத ஒன்றை நான் கேட்டாக வேண்டும். அந்த இரவில், அல்லது வீடு திரும்பிய பிறகு, வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் தலைகாட்டியதா? ஆம் என்றால் இந்தப் பதிலோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். மனநல மருத்துவர் ஒருவரை நேரில் பாருங்கள். பயணத்தைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம்.

இல்லை என்றால், மேலே படியுங்கள்.

தூங்காத இரவை வைத்து உங்களைப் பற்றி நீங்கள் நிறைய முடிவு செய்திருக்கிறீர்கள். அந்த இரவுக்கு உங்கள் குணம் காரணமே இல்லை. புது இடத்தில் முதல் இரவு தூக்கம் கெடுவதைத் தூக்க ஆய்வாளர்கள் 1960களிலேயே கவனித்துவிட்டார்கள். ஆய்வுக்கூடத்தில் எடுக்கும் முதல் இரவுப் பதிவை அவர்கள் பெரும்பாலும் கணக்கில் சேர்ப்பதே இல்லை. 2016ல் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் இதை இன்னும் நெருங்கிப் பார்த்தார்கள். முதல் இரவில் மூளையின் இடப்பாதியில் ஒரு பகுதி, வலப்பாதி அளவுக்கு ஆழமாக உறங்கவில்லை. பழக்கமில்லாத சத்தம் கேட்டால் சட்டென்று விழிப்புத் தட்டியது. அதே இடத்தில் அடுத்த முறை படுத்தபோது இந்த வித்தியாசம் இல்லை. ஃப்ரிட்ஜ் சத்தத்துக்கு நீங்கள் விழித்ததும், இரண்டாம் இரவு கழிந்த மூன்றாம் நாள் நீங்கள் நன்றாக இருந்ததும் எனக்கு அதனால் வியப்பாக இல்லை. நல்லவேளை, அந்தப் பேருந்தில் இடம் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் அந்த ஒரு இரவு மட்டுமே உங்கள் நினைவில் அந்தப் பயணமாக நின்றிருக்கும்.

சரி, மதியம் வந்த அழுகை? அப்போது தூக்கம் கெடவில்லையே என்று கேட்பீர்கள். எப்போதும் பதற்றத்தோடு ஓடுகிறவர்களுக்கு ஓய்வே கலக்கத்தைக் கொண்டுவருவது உண்டு. அப்படிப்பட்டவர்களுக்குத் தளர்வுப் பயிற்சி கொடுத்தபோது சிலருக்குப் பதற்றம் கூடியதாக 1983லேயே ஹைட், போர்கோவெக் என்ற இரு உளவியலாளர்கள் எழுதினார்கள். என்னிடம் வருகிறவர்களிடமும் இதைப் பார்த்திருக்கிறேன். குறிப்பாக, வீட்டில் எல்லாவற்றுக்கும் தேடப்படுகிறவர்களிடம். அடுத்து யார் கூப்பிடுவார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டே பல வருடம் இருந்த உடம்பு, கூப்பிட ஆளில்லாத அறைக்கு வந்ததும் உடனே அடங்கிவிடாது. கேட்கவும் செய்யவும் ஒன்றும் இல்லாத அந்த இடைவெளியில், இத்தனை நாளாக ஒத்திப்போட்ட அலுப்பும் சேர்ந்து வெளியே வந்திருக்கும். நீங்கள் அதை ‘உள்ளே ஒன்றுமே இல்லை’ என்று படித்திருக்கிறீர்கள். ஒன்றும் இல்லாத இடத்திலிருந்து அவ்வளவு அழுகை எப்படி வரும்?

‘முதல் நாள்தான் உண்மையான நான்’ என்பதை நான் ஏற்கவில்லை. கணக்குப் பிரிவில் இருப்பவர் நீங்கள். நட்டமான ஒரு நாளை மட்டும் பதிந்துகொண்டு, அடுத்து வந்த வரவை எழுதாமல் விட்டால் உங்கள் அலுவலகத்தில் ஒப்புக்கொள்வார்களா? சமாளிக்கிறவர்கள் எப்போது கிளம்பலாம் என்று மணி பார்ப்பார்கள். உங்களுக்குக் கிளம்பவே மனசில்லை.

போன் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் கண்டிப்பாகப் பேசுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த அழைப்புகளால் ஆறுதல் யாருக்கு? அம்மா அங்கே நன்றாகத்தான் இருந்திருக்கிறார், அலுத்தும் போயிருக்கிறார். தேவைப்படுகிறவளாக இருப்பது உங்களுக்குப் பாரமாக இருந்த அதே அளவுக்குப் பிடிமானமாகவும் இருந்திருக்கிறது. இது வெட்கப்பட வேண்டிய விஷயம் இல்லை. ஆனால் ஒவ்வொரு முறை கூப்பிட்டபோதும் மனம் மறுபடி வீட்டுக்கே போய்விட்டது. அறைக்கு வந்து சேரவே அதற்கு நேரம் கிடைக்கவில்லை.

சாப்பாட்டுக் கூட வாசலில் திரும்பியதைப் பற்றியும் ஒரு வார்த்தை. கூச்சம் தரும் படம் போட்ட சட்டையோடு மாணவர்களை ஓர் அறைக்குள் அனுப்பிப் பார்த்த ஆய்வு ஒன்று 2000ல் வெளிவந்தது. அறையில் இருந்தவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் தங்கள் சட்டையைக் கவனித்திருப்பார்கள் என்று அவர்கள் நினைத்தார்கள். கவனித்தவர்கள் அதிலும் ஏறக்குறைய பாதிதான். அந்த ஜோடி தங்களைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கும், உங்களை இல்லை.

போங்கள். ரத்து செய்ய வேண்டாம். ஆனால் முதல் நாளை இப்படி வெறுமையாக விடாதீர்கள். வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருங்கள். கட்டிலில் உட்காரும் முன் பையைப் பிரித்துத் துணிகளை அலமாரியில் வையுங்கள், வீட்டிலிருந்து கொண்டுபோன தலையணை உறையைப் போடுங்கள், குளியுங்கள். பிறகு வெளியே வந்து வரவேற்பில் இருப்பவரிடம் நடக்க நல்ல வழி எது, எந்த நேரம் வரை நடக்கலாம் என்று கேளுங்கள். வழி தெரிவதோடு, இந்த இடத்தில் உங்களைத் தெரிந்த ஒருவர் இருக்கிறார் என்றும் ஆகிவிடும். கடலில் இறங்குவதை மட்டும் அன்றைக்கு வைத்துக்கொள்ளாதீர்கள். நீரோட்டம் தெரியாத கரையில், தனியாக, கலங்கிய மனதோடு இறங்கவே கூடாது. சாப்பாட்டுக்குக் கூட்டம் வருமுன் போய், சுவரோரமாகக் கடல் தெரியும் இடத்தில் உட்காருங்கள். அழுகை வந்தால் வரட்டும், போன தடவை அது தானாகவே நின்றதல்லவா? ஊருக்குத் திரும்புவதா வேண்டாமா என்ற கேள்வியை மட்டும் இரண்டாம் நாள் சாயங்காலம் வரை எடுக்காதீர்கள். அறையோ சுற்றுப்புறமோ பாதுகாப்பாக இல்லை என்று தோன்றினால் அது வேறு விஷயம். அப்போது காத்திருக்காமல் இடத்தை மாற்றிவிடுங்கள்.

வீட்டுக்கு நாளுக்கு ஒரு அழைப்பு போதும், இரவு 8 மணிக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். கிளம்பும் முன்பே அம்மாவிடமும் தம்பியிடமும் அதைச் சொல்லிவிடுங்கள். மாத்திரைப் பெட்டி எங்கே இருக்கிறது, எது எப்போது கொடுக்க வேண்டும் என்பதைத் தம்பி கையாலேயே ஒரு தாளில் எழுதவையுங்கள்.