லைசென்ஸில் கையெழுத்து யாருடையது?

அன்புள்ள ஐயா,

எங்கள் குடும்ப வாட்ஸப் குழுவில் ஒரு செய்தி சுற்றுகிறது. ஒரு தேசத்தையே நிராயுதபாணியாக்கிய ஆயுதச் சட்டம்தான் பிரிட்டிஷ் ஆட்சியின் தீமைகளிலேயே மிகக் கரியது என்று காந்தி எழுதினாராம். அகிம்சை பேசியவர் இப்படி எழுதியிருப்பாரா? எழுதியிருந்தால், அமெரிக்கர்களுக்கு 1791 முதல் இருக்கும் ஆயுத உரிமை நம் அரசியலமைப்பில் ஏன் இல்லை?

செ.

அன்புள்ள செ.,

எழுதியிருக்கிறார். ‘சத்திய சோதனை’யிலேயே இருக்கிறது. முன்னும் பின்னும் இருப்பதை வெட்டிவிட்டு உங்களுக்கு அனுப்பியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

வருடம் 1918. முதல் உலகப்போர் இன்னும் முடியவில்லை. குஜராத்தின் கேடா மாவட்டத்தில் வரிகொடாச் சத்தியாகிரகத்தை முடித்த கையோடு, அதே ஊர்களுக்குப் பிரிட்டிஷ் பட்டாளத்துக்கு ஆள் சேர்க்கப் போகிறார் காந்தி. சத்தியாகிரகத்தின்போது காசு வாங்காமல் மாட்டுவண்டி அனுப்பிய குடியானவர்கள் இப்போது வாடகைக்குக்கூடத் தரத் தயங்குகிறார்கள். அப்போது அவர் விநியோகித்த துண்டுப்பிரசுரத்தில் வருவதுதான் அந்த வரி. இந்தச் சட்டம் போக வேண்டுமா, ஆயுதம் பழக வேண்டுமா, இதுதான் சமயம், பட்டாளத்தில் சேருங்கள் என்பது அதன் சாரம். கமிஷனருக்கு இந்த வாதம் ரசிக்கவில்லை என்றும் அவரே சொல்கிறார். (காந்தி அன்பர்கள் பலர் இந்த அத்தியாயத்தைச் சத்தமில்லாமல் தாண்டிப் போவார்கள். எனக்கும் அது சங்கடமான அத்தியாயம்தான்.)

அவர் சொல்லும் சட்டம் 1878-ல் லிட்டன் பிரபு கொண்டுவந்தது. இந்திய மொழிப் பத்திரிகைகளுக்கு வாய்ப்பூட்டுப் போட்டதும் அதே ஆள், அதே வருடம். இந்தியர் துப்பாக்கி வைத்துக்கொள்ள லைசென்ஸ் வேண்டும், ஐரோப்பியருக்கு வேண்டாம். வயலில் இறங்கும் பன்றியை விரட்ட மிராசுதார் மனுவோடு அலைய வேண்டும், பக்கத்து எஸ்டேட் துரைக்கு அந்தத் தொல்லை கிடையாது.

தெற்கே கதை இன்னும் பழையது. 1801 அக்டோபரில் மருது சகோதரர்களைத் திருப்பத்தூரில் தூக்கிலிட்டார்கள். டிசம்பரில் சென்னை கவர்னர் எட்வர்ட் கிளைவின் பிரகடனம் பாளையங்களின் ஆயுதங்களைப் பறித்தது. ஆனால் அது தோற்றவனிடம் வென்றவன் பறித்தது. 1878 சட்டமோ, துரைக்கு சலாம் போடுகிறவனையும் நம்ப மாட்டேன் என்றது. படித்த வர்க்கத்துக்கு உறைத்தது அதுதான். 1887-ல் சென்னையில் பத்ருதீன் தியாப்ஜி தலைமையில் கூடிய காங்கிரஸின் தீர்மானத்தைப் பாருங்கள்: மக்களின் ராஜவிசுவாசத்தை எடுத்துச் சொல்லி, அவர்கள் மேல் தகாத களங்கம் சுமத்தும் இச்சட்டத்தைத் திருத்துங்கள் என்கிறது. புரட்சிக்காரன் பேசுகிற பேச்சா இது?

அமெரிக்காவில் வேர் வேறு. அங்கே குடியேறிகளிடம் துப்பாக்கியும், ஊர்க்காரர்களே சேர்ந்து அமைத்த குடிப்படையும் முன்பே இருந்தன. அவை பூர்வகுடிகள் மீதும் அடிமைகள் மீதும் ஏவப்பட்டவை என்பது தனிக்கதை. பாஸ்டன் அருகே கான்கார்டில் அவர்கள் சேர்த்து வைத்த தளவாடங்களை எடுக்க 1775 ஏப்ரலில் பிரிட்டிஷ் படை போனது, போர் மூண்டது. கையில் இருந்ததை விடமாட்டோம் என்பதுதான் அவர்கள் உரிமை.

நம் ஆட்கள் கேட்டது என்ன? 1930 ஜனவரியில் காந்தி வைத்த 11 கோரிக்கைகளில் உப்பு வரியும் ஒன்று. கடைசிக் கோரிக்கை, தற்காப்புக்குத் துப்பாக்கி லைசென்ஸ் கொடுங்கள், அது மக்களின் கட்டுப்பாட்டில் இருக்கட்டும் என்பது. லைசென்ஸே கூடாது என்று அவர் சொல்லவில்லை. 1931 கராச்சி காங்கிரஸின் அடிப்படை உரிமைத் தீர்மானத்தில் ஆயுதம் தாங்கும் உரிமை இருக்கிறது, ஆனால் ‘விதிமுறைகளுக்கு உட்பட்டு’. என் வாசிப்பில், லைசென்ஸில் கையெழுத்துப் போடும் அதிகாரம் யாருக்கு என்பதுதான் சண்டையே. 1947-ல் அந்தப் பேனா நம் கைக்கு வந்துவிட்டது. கோரிக்கையின் உயிர் அத்தோடு போயிற்று.

1948 டிசம்பரில் அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினர் எச்.வி. காமத் இந்த உரிமையைச் சேர்க்கத் திருத்தம் கொண்டுவந்தார். பிரிவினையின் ரத்தம் காயாத நேரம். திருடனும் பிக்பாக்கெட்டும்கூட இந்த உரிமையைக் கேட்பானே என்றார் அம்பேத்கர். திருத்தம் தோற்றது. இன்று 19-வது பிரிவு நமக்குத் தருவது ‘அமைதியாகவும் ஆயுதமின்றியும்’ கூடும் உரிமையை. சீக்கியரின் கிர்பானுக்கு மட்டும் 25-வது பிரிவில் இடம் உண்டு.

உங்கள் உறவினர்கள் கேட்கும் உரிமைக்கு ஓரளவு கிட்டத்தில் இருப்பவர்கள் கர்நாடகத்தின் குடகு மலைநாட்டுக் குடவர்கள். கைல்போது பண்டிகையில் துப்பாக்கிக்குப் பூச்சூட்டிக் கும்பிடுபவர்கள். குடவர்களுக்கும் அங்கே ஜம்மா என்னும் பரம்பரை மானிய நிலம் வைத்திருப்பவர்களுக்கும் லைசென்ஸ் தேவையில்லை. 1857-ல் தங்கள் பக்கம் நின்றதற்காக பிரிட்டிஷார் 1861-ல் கொடுத்த சலுகை அது. 2019-ல் மத்திய அரசு அதை 2029 வரை நீட்டித்தது. இது பாரபட்சம் என்று வழக்குப் போட்டார்கள். சலுகை செல்லும் என்று 2021-ல் கர்நாடக உயர்நீதிமன்றம் சொல்லிவிட்டது.