ரோல் கால்ல என்ன பேரு, டியூட்டர் எதுக்கு, தீர்மானம் யாரு போடுறது: கேள்வி பதில்

நான் டெல்டால ஒரு எய்டட் (அரசு உதவி பெறும்) காலேஜ்ல இருபது வருஷத்துக்கு மேல வேலை பாத்தவ. அதுல கொஞ்ச வருஷம் அகடமிக் கவுன்சிலுக்கு (காலேஜோட படிப்பு விஷயங்கள முடிவு பண்ற குழு) மெம்பர் செக்ரட்டரி, அதாவது மத்தவங்க பேசுறத மினிட்ஸா எழுதுற ஆளு. வந்த கேள்விகள்ல ஒரே மாதிரி இருந்ததை சேத்துட்டேன்.

கும்பகோணம், புதுசா சேர்ந்த உதவிப் பேராசிரியர்: மேடம், எங்க காலேஜ் ஆட்டானமஸ், அதாவது தன்னாட்சி, சிலபஸும் பரீட்சையும் நாங்களே பாத்துக்குறோம். பசங்கள அவங்க சொல்ற பேர்லயே கூப்பிடணும்னு ஒரு ரூல் கொண்டு வரலாம்னு இருக்கேன். பிரின்சிபால்கிட்ட சொன்னா போதுமா?

போதாது தம்பி. பிரின்சிபால் நல்லவரா இருந்தா ஒரு சர்குலர் விடுவாரு, அவரு ரிட்டையர் ஆனா சர்குலரும் அவரோட ரிட்டையர் ஆயிடும். அகடமிக் கவுன்சில்ல ஏத்துங்க. ஆட்டானமஸ் காலேஜ்ல அதுக்கு பிரின்சிபால்தான் தலைவர், எல்லா ஹெச்ஓடியும் (துறைத் தலைவருங்க) இருப்பாங்க, சீனியாரிட்டி சுழற்சில நாலு ஆசிரியர்கள், வெளியில இருந்து நிபுணர்கள், யுனிவர்சிட்டி அனுப்புற மூணு பேரு. வருஷத்துக்கு குறைஞ்சது 2 தடவை கூடணும். போர்டு ஆஃப் ஸ்டடீஸ்க்கு கொண்டு போகாதீங்க, அது சிலபஸ் பாக்குற இடம். முதல்ல டிபார்ட்மென்ட் மீட்டிங்ல பேசி அங்க ஒரு மினிட்ஸ் போட்டு, ஹெச்ஓடி கையெழுத்தோட அஜெண்டாவுக்கு அனுப்புங்க. இன்னொண்ணு, 'இதர பொருள்'ல மட்டும் போடாதீங்க. அந்த நேரத்துக்கு போண்டாவும் காபியும் உள்ள வந்திருக்கும், பாதி பேரு சாயங்கால பஸ்ஸ நினைச்சுகிட்டு இருப்பாங்க, 'அடுத்த கூட்டத்தில் பரிசீலிக்கலாம்'னு எழுதி முடிச்சிருவாங்க. அப்படி எழுதின கையே இதுதான்.

மன்னார்குடி: எங்களுது ஆட்டானமஸ் இல்ல. நாங்க ஒண்ணும் பண்ண முடியாதா?

மார்க் ஷீட், டிகிரில வர்ற பேரு யுனிவர்சிட்டி கையில, அதுல உங்களுக்கு வேலையில்ல. கிளாஸ்ல எப்படி கூப்பிடுறது, ஐடி கார்டுல எப்படி அடிக்கிறது, டியூட்டர், அதாவது ஒரு குரூப் பசங்கள தனியா கவனிச்சுக்குற ஆசிரியர், அவங்கள்ல யாருக்கு எத்தனை பேரு, இதெல்லாம் உங்க காலேஜ் கவுன்சிலே (பிரின்சிபாலும் ஹெச்ஓடிகளும் உக்காருற கூட்டம்) முடிவு பண்ணலாம். தனியார் கல்லூரின்னா 1976 தமிழ்நாடு தனியார் கல்லூரிகள் சட்டப்படி இருக்குற கல்லூரிக் குழுவுலயும் பிரின்சிபாலோட 2 மூத்த பேராசிரியர்கள் இருக்கணும், அவங்க வழியா பேசுங்க.

திருவாரூர், தமிழ்த்துறை: சர்டிபிகேட்ல இருக்குற பேர கூப்பிட்டா என்ன தப்பு? ஆளுக்கொரு பேரு சொன்னா அட்டெண்டன்ஸ் என்ன ஆகுறது?

தப்பு என்னன்னு எனக்கும் ஒரு காலத்துல தெரியாதுங்க. ஒரு வருஷம் பர்ஸ்ட் இயர்ல ஒரு பொண்ணு, பேரு போதும்பொண்ணு. நம்ம பக்கம் இந்த பேரு எதுக்கு வைக்கிறாங்கன்னு உங்களுக்கு சொல்ல வேண்டியதில்ல, மூணாவதோ நாலாவதோ பொண்ணா பொறந்திருக்கும். முதல் நாள் நான் ரோல் கால்ல அந்த பேர படிச்சதும் பின் பெஞ்சுல ஒரு சிரிப்பு. அந்த பொண்ணு 'எஸ் மேம்' சொல்லல, கைய மட்டும் தூக்குச்சு, அதுவும் தோள் வரைக்கும்தான். ரெண்டு வாரத்துல முதல் ஹவர் வர்றத நிறுத்திருச்சு, ரோல் கால் முடிஞ்சப்புறம் வந்து வெளிய நிக்கும். நான் லேட்டுனு ஆப்சென்ட் போட்டுகிட்டே இருந்தேன், அறிவே இல்லாம. செமஸ்டர் கடைசில 75 சதவீதம் அட்டெண்டன்ஸ் இல்லாம கண்டோனேஷனுக்கு (குறைவ மன்னிச்சு பரீட்சை எழுத விடுறது) கையெழுத்து வாங்க வந்தப்பதான் கேட்டேன், 'ஏம்மா லேட்டு, பஸ் இல்லியா?' 'பஸ் இருக்கு மேம், பேரு கூப்பிட்டு முடியட்டும்னு நிப்பேன்'னுச்சு. வீட்டுல அவள கூப்பிடுற பேரு வேற, அழகான பேரு. அன்னைக்கே ரிஜிஸ்டர்ல சர்டிபிகேட் பேருக்கு பக்கத்துல பென்சில்ல அத எழுதினேன். அட்டெண்டன்ஸ்க்கு ஒண்ணும் ஆகல, ரோல் நம்பர் அதே நம்பர்தானே.

அந்த பொண்ணு சர்டிபிகேட்லயும் மாத்தணும்னு நினைச்சா அது வேற ரூட்டு. எழுத்து தப்புன்னா அது திருத்தம், ஸ்கூல் மூலமா தேர்வுத் துறைக்கு போகும். பேரே வேணாம்னா அது மாற்றம், தமிழ்நாடு அரசிதழ்ல வெளியிட்டுட்டு அத வச்சுதான் மத்த ஆவணங்கள மாத்தணும். 2021 ஜூன்ல சிபிஎஸ்இ வழக்கு ஒண்ணுல சுப்ரீம் கோர்ட்டே இந்த ரெண்டையும் பிரிச்சு காட்டி, பேரு ஒருத்தரோட கருத்துச் சுதந்திரத்துல அடங்குதுனு சொல்லியிருக்கு. ஆனா கிளாஸ்ல கூப்பிட அரசிதழ் எதுக்கு? என்னைய கேட்டா ஒரு பென்சில் போதும்.

நாகப்பட்டினம், செகண்ட் இயர் மாணவி: அக்கா, அப்பா எங்களோட இல்ல. அம்மா இனிஷியல் போட்டுக்கலாமா? ஆபீஸ்ல முடியாதுங்கறாங்க.

ஏற்கனவே 10வது மார்க் ஷீட்ல அப்பா இனிஷியல் இருந்தா காலேஜ் ஆபீஸ் தானா மாத்த முடியாதும்மா, அவங்க சொல்றது அந்த வரைக்கும் சரி, மேல சொன்ன அரசிதழ் வழிதான். ஆனா காலேஜ் மேகசின், ஐடி கார்டு, பரிசு சர்டிபிகேட், கூப்பிடுறது எல்லாத்துலயும் அம்மா இனிஷியல் போட எந்த தடையும் கிடையாது, டியூட்டர்கிட்ட லெட்டர் எழுதி குடு. அட்மிஷன் பாரத்துல 'தந்தை பெயர்'னு மட்டும் ஒரே கட்டம் வச்சிருக்குற காலேஜுங்க அத 'தாய் / தந்தை / பாதுகாவலர்'னு மாத்துங்க, அச்சடிக்கிற செலவு கூட கிடையாது, இப்ப எல்லாம் ஆன்லைன்தானே. அப்புறம் இனிஷியல தமிழ்லயே எழுதணும்னு 2021 டிசம்பர்ல அரசாணை வந்திருக்கு, பள்ளி கல்லூரி பதிவேட்டுக்கும் சேத்துதான். 'எஸ்.' போடுற பழக்கம் நம்ம ஆபீஸ்கள்ல இன்னும் போகல.

பட்டுக்கோட்டை: ஏபிசி ஐடி (மாணவரோட கிரெடிட் மார்க்க சேத்து வைக்கிற ஆன்லைன் கணக்கு) ஓபன் பண்ணா நேம் மிஸ்மேட்ச்னு வருது சார்.

சார் இல்ல மேடம், பரவால்ல. ஆதார்ல இனிஷியல் இல்லாம இருக்கும், மார்க் ஷீட்ல இனிஷியல் பின்னாடி இருக்கும், இல்லன்னா ஆதார்ல அப்பா பேரு முழுசா வந்திருக்கும். 10வது மார்க் ஷீட்ட அடிப்படையா வச்சு ஆதார திருத்துங்க, ஆனா ஆதார்ல பேர வாழ்நாள்ல 2 தடவைதான் மாத்த முடியும், அவசரப்பட்டு ஏதோ ஒரு சென்டர்ல போய் எதையாவது அடிச்சிட்டு வராதீங்க. புதுமைப்பெண் திட்டத்து ஆயிரம் ரூபாய்க்கு குடுக்குற பேங்க் பாஸ்புக்குலயும் அதே பேரு இருக்கானு பாத்துக்குங்க. காலேஜ்காரங்களுக்கு: இத பர்ஸ்ட் இயர் முதல் மாசத்துலயே டியூட்டர் உக்காந்து சரிபாக்கணும். பைனல் இயர்ல பாஸ்போர்ட் எடுக்குறப்ப பாத்துக்கலாம்னு விட்டா சிங்கப்பூர், துபாய்னு கிளம்பி நிக்குற பையனுக்குத்தான் அலைச்சல்.

தஞ்சாவூர், ஹெச்ஓடி: திருநங்கை மாணவி ஒருத்தர் சேர்ந்திருக்காங்க. சர்டிபிகேட்ல பழைய பேரு. என்ன பண்றது?

முதல்ல அவங்களயே கேளுங்க, என்ன பேரு, யாருக்கெல்லாம் தெரியலாம், வீட்டுக்கு போற லெட்டர்ல எந்த பேரு போடணும். கடைசி கேள்விய விட்டுறாதீங்க, வீட்டுக்கு தெரியாம இருக்கலாம். 2014 நால்சா வழக்குல சுப்ரீம் கோர்ட் குடுத்த தீர்ப்புலயே பாலின அடையாளம் அவங்கவங்க உரிமைனு சொல்லியாச்சு. 2019 திருநர் உரிமைப் பாதுகாப்புச் சட்டப்படி கலெக்டர் குடுக்குற அடையாளச் சான்று இருந்தா அதிகாரப்பூர்வ ஆவணங்கள்ல பேர மாத்திக்கலாம். அது கைக்கு வர்ற வரைக்கும் பழைய பேர்லதான் கூப்பிடுவேன்னு நிக்கிறது சட்டம் இல்ல, பிடிவாதம். யாராவது வேணும்னே பழைய பேர சொல்லி கூப்பிட்டா மாணவர் குறைதீர்க்கும் குழுவுல எழுதி குடுக்கலாம், யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) 2023 விதிமுறைப்படி அந்த குழு 15 வேலை நாளுக்குள்ள அறிக்கை குடுக்க பாக்கணும். அதுக்கு முன்னாடி நீங்களே ஸ்டாஃப் ரூம்ல ஒரு வார்த்தை சொன்னா பாதி பிரச்சனை அங்கயே தீரும்.

மயிலாடுதுறை: டியூட்டர் வார்டு சிஸ்டம்னு (வார்டுன்னா டியூட்டர் பொறுப்புல இருக்குற மாணவர்) ஒரு நோட்டு நிரப்புறோம். உண்மையிலேயே அதுக்கு பலன் உண்டா?

நோட்டுக்கு பலன் கிடையாது. நாக் டீம் (காலேஜுக்கு தரம் போட வர்ற குழு) வர்றதுக்கு முதல் நாள் ராத்திரி ஆறு செமஸ்டரையும் ஒரே நீல பேனாவுல 'ஊக்குவிக்கப்பட்டார்', 'அறிவுறுத்தப்பட்டார்'னு நிரப்பின நோட்டுங்கள நான் அடுக்கியே வச்சிருக்கேன். டியூட்டருக்கு பலன் உண்டு, ஆனா அவர் என்ன செய்யணும்னு மட்டும் இல்ல, என்ன செய்யக்கூடாதுனும் எழுதி வச்சிருந்தாத்தான்.

ஒண்ணு சொல்றேன். எனக்கு தெரிஞ்ச ஒரு டியூட்டர், நல்ல மனுஷிதான், வார்டு பொண்ணு ஒரு பையனோட பஸ் ஸ்டாண்டுல நிக்குதுனு அப்பாவுக்கு போன் பண்ணிட்டாங்க. அக்கறைலதான். தை பொறந்ததும் அந்த பொண்ணுக்கு கல்யாணம், அஞ்சாவது செமஸ்டர் பரீட்சையோட சரி. அதுக்கப்புறம்தான் நாங்க கவுன்சில்ல வச்சோம்: வீட்டுக்கு போன் அட்டெண்டன்ஸ், அரியர், உடம்பு சரியில்ல, இந்த மூணுக்குத்தான். மத்த எதுக்கும் மாணவர்கிட்ட கேட்டுட்டுத்தான். சீனியர்ஸ் ரெண்டு பேரு 'நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா பெத்தவங்க நம்மளத்தான் கேப்பாங்க'னு எதிர்த்தாங்க. அது ஒண்ணும் சும்மா சொன்னது இல்ல, அதனால உயிருக்கு ஆபத்துன்னா உடனே சொல்லலாம்னு ஒரு வரி சேத்தோம்.

அப்புறம் ஒரு டியூட்டர்கிட்ட 60 பேர கட்டி விட்டா அது டியூட்டர் இல்ல, கண்டக்டர். இருபது, இருபத்தஞ்சுக்கு மேல போகாதீங்க. கெஸ்ட் லெக்சரர்ஸ் தலைல கட்டாதீங்க, அவங்களுக்கு அடுத்த வருஷம் வேலை இருக்குமானே தெரியாது.

திருத்துறைப்பூண்டி, ஒரு அப்பா: பையன் சம்பா நடவுக்கும் அறுப்புக்கும் லீவு போட்டுட்டான், டியூட்டர் திட்டுறாராம்.

முன்னாடியே டியூட்டர்கிட்ட வாயால இல்ல, லெட்டரா சொல்லிட்டு போகச் சொல்லுங்கய்யா. 75 சதவீதம் கணக்க மாசா மாசம் போர்டுல ஒட்டச் சொல்லி காலேஜ கேளுங்க, கடைசில தெரிஞ்சா ஒண்ணும் பண்ண முடியாது.

மறுபடி கும்பகோணம்: மேடம், தீர்மான வாசகம் ஒண்ணு எழுதி தர முடியுமா?

இத வச்சுக்குங்க: 'மாணவர் எழுத்துமூலம் தெரிவிக்கும் அழைப்புப் பெயர், வகுப்பிலும் கல்லூரி அடையாள அட்டையிலும் பயன்படுத்தப்படும். பல்கலைக்கழகப் பதிவுகளிலும் சான்றிதழ்களிலும் பதிவுப் பெயரே தொடரும். அழைப்புப் பெயருக்கான காரணம் கேட்கப்படாது.'

கடைசி வரிய யாராவது வெட்ட பாப்பாங்க, விடாதீங்க. எப்ப இருந்து அமலுனு தேதி போடுங்க, 'அடுத்த பருவம் முதல்'னு எழுதினா எந்த பருவம்னு அடுத்த கூட்டம் முழுக்க அதுலயே போயிடும்.