ஒவ்வொரு விரலுக்கும் ஒரு குளியல்

வாசகர் கேள்விகளுக்கு, மழலையர் வகுப்பில் முப்பது வருடம் பாடம் எடுத்து ஓய்வு பெற்ற ஆசிரியை பதில் சொல்கிறார். இந்த இதழில் சின்னப் பிள்ளைகளின் சுத்தப் பழக்கம் பற்றி வந்த கேள்விகள்.

என் மகன் எல்.கே.ஜி. படிக்கிறான். கை கழுவச் சொன்னால் விரல் நுனியை மட்டும் நனைத்துச் சட்டையில் துடைத்துக்கொண்டு வந்துவிடுகிறான். கத்திக் கத்தி என் தொண்டைதான் வற்றுகிறது. என்ன செய்வது? – வாசகி, விருதுநகர்

கோபித்துக்கொள்ளாமல் ஒன்று சொல்லுங்கள், உங்கள் வீட்டில் பெரியவர்கள் சாப்பிட உட்காரும் முன் எப்படிக் கழுவுகிறார்கள்? நம்மில் பலர் சாப்பிட்ட பிறகுதான் கையை நன்றாகத் தேய்த்துக் கழுவுவோம், குழம்பு ஒட்டியிருக்கும், வாசனை போகாது. சாப்பிடும் முன்னால் இரண்டு சொட்டுத் தண்ணீரில் நனைத்துக்கொள்வதோடு சரி. பையன் அதைத்தான் அச்சு அசலாகச் செய்கிறான், அவன்மேல் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

அப்புறம் அந்தக் குழாய். முட்டி போட்டு அவன் உயரத்திலிருந்து ஒரு தடவை பாருங்கள். குழாய் எட்டாது, எட்டினாலும் திருக வராது, சோப்பு உள்ளே தள்ளி இருக்கும், தண்ணீர் முழங்கை வழியாக வழிந்து சட்டைக்குள் போகும். ஒரு ஸ்டூல், அது வழுக்காமல் இருக்க அடியில் ஒரு சாக்கு, கைக்கு அடங்கும் அளவில் பாதியாக நறுக்கிய சோப்பு, எட்டும் உயரத்தில் ஆணியில் அவனுக்கென்று ஒரு சின்னத் துண்டு. இதைச் செய்தாலே பாதி வேலை முடிந்தது.

சோப்பு போட்டு 20 விநாடி தேய்க்க வேண்டும் என்பார்கள். நாலு வயதுப் பிள்ளைக்கு விநாடி என்றால் என்ன தெரியும்? நான் வகுப்பில் சொல்வது, ஒவ்வொரு விரலுக்கும் ஒரு குளியல். சுண்டு விரல் குளிச்சாச்சா, மோதிர விரல், நடு விரல், ஆள்காட்டி, கடைசியில் கட்டை விரல், அதுதான் எப்போதும் விட்டுப்போகும். பிறகு உள்ளங்கை, புறங்கை, நகத்தைக் கையில் தேய்த்து ஒரு சுரண்டு. இரண்டு கைக்கும் செய்து முடித்தால் 20 விநாடி தாண்டியிருக்கும். முதல் சில வாரம் நீங்களும் பக்கத்தில் நின்று உங்கள் கையையும் சேர்த்துக் கழுவுங்கள். “கழுவினியா?” என்று மட்டும் கேட்காதீர்கள், அதற்கு “ஆமாம்” என்ற ஒரே பதில்தான் வரும். “கையைக் காட்டு, சோப்பு வாசனை வருதா பார்ப்போம்” என்று மோந்து பாருங்கள். பொய் சொல்ல வழியில்லை, திட்டவும் வேண்டியதில்லை.

அங்கன்வாடிப் பணியாளர் நான். 22 பிள்ளைகள், ஒரு உதவியாளர். மையத்தில் குழாய் கிடையாது, தண்ணீர் எடுத்து வந்து வைப்போம். மதியச் சாப்பாட்டுக்கு முன் எல்லோரையும் எப்படிக் கழுவ வைப்பது? – வாசகி, சிவகங்கை மாவட்டம்

ஒரு வாளியில் தண்ணீர் வைத்து வரிசையாக முக்கி எடுக்க வைப்பதை மட்டும் செய்யாதீர்கள். முதல் பிள்ளையின் கையில் இருந்தது எல்லாம் இருபத்திரண்டாவது பிள்ளைக்குப் போய்ச் சேரும். தண்ணீர் கையின் மேல் ஓட வேண்டும், அதுதான் முக்கியம். சோப்பு அழுக்கைத் தோலிலிருந்து பிரித்து எடுக்கும், ஓடும் தண்ணீர்தான் அதைக் கொண்டுபோகும்.

5 லிட்டர் எண்ணெய் கேன் ஒன்று போதும். கைப்பிடி வழியாக ஒரு கம்பை நுழைத்து இரண்டு கவைக் குச்சிகளுக்கு நடுவே தொங்கவிடுங்கள். ஆணியைச் சுட்டு, மூடிக்குக் கொஞ்சம் கீழே ஒரு ஓட்டை போடுங்கள். கேனின் கழுத்தில் கயிறு கட்டி, மறு முனையைத் தரையில் கிடக்கும் ஒரு குச்சியில் கட்டினால் வேலை முடிந்தது. குச்சியைக் காலால் மிதித்தால் கேன் சாய்ந்து தண்ணீர் வரும், காலை எடுத்தால் நின்றுவிடும். கழுவிய கையால் எதையும் தொட வேண்டியதில்லை. 1980-களில் ஜிம்பாப்வேயில் கண்டுபிடித்த வழி இது. செலவு ஒன்றுமில்லை, தண்ணீரும் கொஞ்சம்தான் பிடிக்கும். பிள்ளைகளுக்கு மிதிப்பது விளையாட்டு, கழுவிய பிள்ளையே திரும்ப வரிசையில் வந்து நிற்கும் பாருங்கள்.

சோப்பை வெளியே தனியாக வைக்காதீர்கள், காக்கா தூக்கிக்கொண்டு போய்விடும். பூண்டு வரும் வலைப்பையில் போட்டுக் கட்டித் தொங்கவிடுங்கள், வலையோடு தேய்த்தால் நுரையும் நன்றாக வரும். எல்லோருக்கும் பொதுவாக ஒரே துண்டு வேண்டாம். மெட்ராஸ் ஐயும் சிரங்கும் மையம் முழுக்கச் சுற்றிவர அந்த ஒரு துண்டு போதும். கையை உதறிக் காற்றில் காய விடட்டும்.

என் மகளுக்கு நாலு வயது. பள்ளியில் பாத்ரூமே போவதில்லை. மூன்று மணிக்கு வீட்டு வாசலுக்கு வரும்போது அடக்க முடியாமல் நனைத்துவிடுகிறாள். தண்ணீர் பாட்டிலும் அப்படியே திரும்பி வருகிறது. அடம் என்கிறார் அவள் டீச்சர். – வாசகி, சேலம்

அடம் இல்லை. ஒரு காரணம் இருக்கும், அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் ஒரு வாரமாக யு.கே.ஜி. பிள்ளைகள் யாரும் கழிப்பறைப் பக்கமே போகவில்லை. நாங்களும் அடம் என்றுதான் நினைத்தோம். கடைசியில் பார்த்தால் உள்ளே பல்பு போயிருந்தது. இருட்டுக்குள் போக யார் துணிவார்கள், அதிலும் வீட்டில் “சாப்பிடலைன்னா பூச்சாண்டி வருவான்” என்று நாமே பயம் காட்டி வைத்திருக்கும்போது! பல்பு மாற்றிய அன்றைக்கே பிரச்சினை தீர்ந்தது. நாங்கள் திட்டிய திட்டுதான் மிச்சம்.

ஆகவே ஒரு நாள் நேரில் போய் அந்த இடத்தைப் பாருங்கள். வெளிச்சம் இருக்கிறதா, தாழ்ப்பாள் உள்ளே மாட்டிக்கொள்ளுமா, மக் அவளால் தூக்க முடிகிற கனமா, நாற்றம் எப்படி. உடுப்பையும் பாருங்கள். கொக்கி, பெல்ட், இறுக்கமான பட்டன் இருந்தால் அவிழ்ப்பதற்குள் நனைந்துவிடும், எலாஸ்டிக் வைத்துத் தைத்துக் கொடுங்கள். வீட்டில் வெஸ்டர்ன் மட்டும் பழகியிருந்தால் பள்ளியில் இருக்கும் இந்தியன் கழிப்பறையில் கால் வைத்து உட்காரவே பயப்படுவாள், அதை உறவினர் வீட்டில் நிதானமாகப் பழக்கலாம். தானே கழுவிக்கொள்ளவும் சொல்லிக் கொடுங்கள், பெண் பிள்ளைக்கு முன்னாலிருந்து பின்பக்கமாகத்தான் கழுவ வேண்டும். மாற்றிச் செய்தால் கிருமி சிறுநீர்ப் பாதைக்குப் போகும்.

டீச்சரிடம் “ஏன் விடவில்லை” என்று சண்டைக்குப் போகாமல், காலை இடைவேளையிலும் சாப்பாட்டுக்கு முன்னும் வகுப்பு முழுவதையும் ஆயாவோடு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். எல்லோரும் போகும்போது இவளும் போவாள். தண்ணீரைக் குறைத்துக் கொடுப்பது மட்டும் தீர்வே இல்லை. குடிக்காமலும் அடக்கியும் இருந்தால் சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல் இரண்டும் வரும். சிறுநீர் போகும்போது எரிகிறது என்றாலோ காரணமில்லாமல் காய்ச்சல் வந்தாலோ டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

மூக்கு ஒழுகினாலும் துடைத்துக்கொள்ளத் தெரியவில்லை, உறிஞ்சிக்கொண்டே இருக்கிறான். எப்படித் திருத்துவது? – வாசகர், காரைக்கால்

“மூக்கைத் துடை” என்று ஆயிரம் தடவை சொல்லியிருப்பீர்கள். எப்படிச் சிந்துவது என்று ஒரு தடவையாவது செய்து காட்டினீர்களா?

மரியா மாண்டிசோரி 1907-ல் ரோம் நகரத்தின் ஏழைக் குடியிருப்பான சான் லொரென்சோவில் தன் முதல் பள்ளியைத் தொடங்கினார். அங்கே ஒரு நாள் மூக்குச் சிந்துவதையே பாடமாக நடத்தினார், கைக்குட்டையை எப்படிப் பிடிப்பது, சத்தமில்லாமல் எப்படிச் சிந்துவது என்று. சிரிப்பார்கள் என்று பார்த்தால் பிள்ளைகள் கைதட்டி ஆரவாரம் செய்துவிட்டார்கள். அதுவரை எல்லோரும் அந்த மூக்குக்காக அவர்களைத் திட்டியிருக்கிறார்கள், யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. (அதே அம்மையார்தான் 1939-ல் சென்னை அடையாறுக்கு வந்து நம் ஊர் ஆசிரியர்களுக்கும் பயிற்சி கொடுத்தார்.)

வாயை மூடிக்கொண்டு மூக்குக் காற்றாலேயே மேசைமேல் இருக்கும் பஞ்சை ஊதித் தள்ளும் விளையாட்டு வையுங்கள். ஊதத் தெரிந்துவிட்டால் ஒரு துவாரத்தை லேசாக மூடி, மறுபக்கம் மெதுவாகச் சிந்தச் சொல்லுங்கள். முக்கிச் சிந்தினால் காது வலிக்கும். பிறகு கை கழுவ வேண்டும், முதல் பதிலைப் பார்க்கவும்.

பள்ளியில் பூச்சி மாத்திரை கொடுக்கிறார்கள். நாங்கள் வீட்டில் வேப்பங்கொழுந்து அரைத்துக் கொடுக்கிறோமே, மாத்திரையும் வேண்டுமா? – வாசகி, தென்காசி

வேண்டும். வேப்பங்கொழுந்து கொடுப்பது உங்கள் விருப்பம், ஆனால் அது மாத்திரைக்கு ஈடு இல்லை. பிப்ரவரி 10 தேசியக் குடற்புழு நீக்க நாள், ஆகஸ்டிலும் ஒரு சுற்று உண்டு. ஒரு வயது முதல் 19 வயது வரை அல்பெண்டசோல் கொடுப்பார்கள். அன்றைக்குப் பிள்ளைக்குக் காய்ச்சலோ வேறு நோயோ இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், குணமான பிறகு வாங்கிக்கொள்ளலாம். சின்னப் பிள்ளைக்கு முழுதாக விழுங்கக் கொடுக்கக் கூடாது, பொடித்துத் தண்ணீரில் கலந்து கொடுக்க வேண்டும்.

மாத்திரை இப்போது இருக்கும் புழுவைத்தான் கொல்லும், அடுத்த வாரம் வருவதை நிறுத்தாது. உருளைப்புழுவின் முட்டை மண்ணிலிருந்து நகம் வழியாக வாய்க்குப் போகும், கொக்கிப்புழு வெறுங்காலைத் துளைத்துக்கொண்டு ஏறும். ஞாயிற்றுக்கிழமை நகம் வெட்டுங்கள், கொல்லைப்பக்கம் போனால் செருப்பு போடச் சொல்லுங்கள்.

ரொம்பச் சுத்தம் பார்த்தால் எதிர்ப்புச் சக்தி போய்விடும் என்கிறார் என் கணவர். நான் பிள்ளையின் பையில் எப்போதும் சானிடைசர் வைத்திருக்கிறேன். யார் சரி? – வாசகி, ஓசூர்

ஆளுக்குப் பாதி. மண்ணில் விளையாடட்டும், மழையில் நனையட்டும், சாப்பிடும் முன் மட்டும் சோப்பு போடட்டும். மண்ணோ எண்ணெயோ ஒட்டிய கையில் சானிடைசர் சரியாக வேலை செய்யாது. அதில் ஆல்கஹால் இருக்கிறது, அதனால் பாட்டிலைப் பிள்ளையின் பையில் தொங்கவிடாமல் உங்கள் பையில் வைத்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ராபெர்ரி வாசனை வரும் பாட்டிலை நக்கிப் பார்க்காத நாலு வயதுப் பிள்ளையை நான் இன்னும் பார்க்கவில்லை.