ஷாக் மாற்றியும் லொட லொட போகவில்லையே!

பட்டறைப் பக்கம்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை எலெக்ட்ரிக் கார் சத்தம் பற்றியே நான்கு கேள்விகள், நான்கும் சேலம், ஏற்காடு பக்கத்திலிருந்து. நம்ம ஊர் ரோடு எனக்கும் தெரியும் என்பதால் மற்ற கடிதங்களைத் தள்ளிவைத்துவிட்டு இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். டீசல் கேள்வி அனுப்பியவர்கள் கோபிக்க வேண்டாம்.

கேள்வி: என் எலெக்ட்ரிக் கார் மூன்று வருடத்தில் 46,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. வீடு கன்னங்குறிச்சி, வேலை ஏற்காட்டில், வாரத்தில் ஐந்து நாள் மலை ஏறி இறங்குகிறேன். ஆறு மாதமாக முன்பக்கம் இடது சக்கரத்தில் லொட லொட சத்தம், அதுவும் மெதுவாகப் போகும்போதுதான் அதிகம். ஒரு பட்டறையில் முன் ஷாக் அப்சார்பர் இரண்டையும் மாற்றினார்கள். சத்தம் அப்படியே இருக்கிறது. இப்போது ஸ்டியரிங் ராக் போய்விட்டது என்கிறார்கள். மாற்றலாமா?

பதில்: ஸ்டியரிங் திருப்புவதைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகிற அந்த ராக்கைத் தொட விடாதீர்கள். சத்தம் எங்கே என்று இன்னும் யாரும் கண்டுபிடிக்கவே இல்லை, ஒவ்வொரு சாமானாக மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள், உங்கள் காசில்.

ஷாக் போயிருந்தால் பெரும்பாலும் அதன் உடம்பில் எண்ணெய் கசிந்து தூசி அப்பியிருக்கும், பள்ளத்தில் இறங்கி ஏறிய வண்டி ஒரு தடவை அமுங்கி நிற்காமல் இரண்டு மூன்று தடவை ஊஞ்சலாடும். நீங்கள் எழுதியதில் அப்படி எதுவும் இல்லை. மெதுவாகப் போகும்போது, சின்னச் சின்ன மேடு பள்ளத்தில், இரண்டு கொட்டாங்குச்சியைத் தட்டுகிற மாதிரி சத்தம் என்றால் எனக்கு முதல் சந்தேகம் லிங்க் ராடு மேல்தான். முன் சக்கரம் இரண்டுக்கும் குறுக்கே ஸ்டெபிலைசர் கம்பி ஒன்று போகிறது, வளைவில் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்துவிடாமல் பிடிப்பது அது. அந்தக் கம்பியின் முனையை ஷாக்கோடு பிணைக்கிற குச்சிதான் லிங்க் ராடு, ஒரு சாணுக்குக் கொஞ்சம் கூட இருக்கும், இரண்டு முனையிலும் கோலிக்குண்டு மாதிரி பந்து மூட்டு. ஏற்காடு ரோட்டில் 20 கொண்டை ஊசி வளைவு. போக இருபது, வர இருபது, வாரத்துக்கு ஐந்து நாள் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள், ஒவ்வொரு வளைவிலும் அந்தக் கம்பி முறுக்கிக்கொள்ளும்போது இழுவை முழுவதும் அந்தக் கோலிக்குண்டில்தான். போதாததற்கு, வண்டியின் தரைக்கு அடியில் 300 கிலோ பக்கம் பேட்டரி. 46,000-ல் லிங்க் ராடு தேய்வது ஒன்றும் அதிசயமில்லை. பெட்ரோல் காராக இருந்தால் இந்தச் சத்தம் இஞ்சின் இரைச்சலில் இன்னும் ஒரு வருடம் அமுங்கிக் கிடந்திருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, நான் சொல்வதையும் நம்ப வேண்டாம், நீங்களே பாருங்கள். கண்ணாடியை இறக்கிவிட்டு, ஏசியையும் பாட்டையும் நிறுத்திவிட்டு, ஒரு வேகத்தடையில் முன் சக்கரம் இரண்டும் ஒன்றாக ஏறும்படி நேராக மெதுவாகப் போங்கள். அப்புறம் அதே வேகத்தில் இடது சக்கரம் மட்டும் பள்ளத்தில் இறங்குகிற மாதிரி ஓட்டுங்கள், அப்படி ஒரு பள்ளத்தைத் தேடி நம்ம ஊரில் ரொம்ப தூரம் போக வேண்டியதில்லை. இரண்டு சக்கரமும் சேர்ந்து ஏறினால் ஸ்டெபிலைசர் கம்பி முறுக்காமல் மொத்தமாகத் திரும்பிக்கொள்ளும், லிங்க் ராடுக்கு வேலை குறைவு. ஒரு சக்கரம் மட்டும் இறங்கினால்தான் அது வசமாக இழுபடும். வேகத்தடையில் அமைதி, பள்ளத்தில் லொட லொட என்றால் லிங்க் ராடு, இல்லாவிட்டால் கம்பியைப் பிடித்திருக்கிற ரப்பர் புஷ். இரண்டு இடத்திலும் சத்தம் என்றால் ஸ்ட்ரட் மவுண்ட் (ஷாக்கின் மேல் முனையை வண்டியோடு பிடிக்கிறது), லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கிற கையின் ரப்பர்), பால் ஜாயிண்ட் (அந்தக் கையின் முனையில் இருக்கிற பந்து மூட்டு) என்று அடுத்த வரிசைக்குப் போக வேண்டும். நிற்கிற வண்டியில் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங் 'டொய்ங்' என்று துள்ளினால் ஸ்ட்ரட் மவுண்டைத்தான் பார்க்க வேண்டும். ஷாக் மாற்றியபோது பழைய மவுண்டையே திருப்பிப் போட்டார்களா என்பதையும் கேட்டுவையுங்கள்.

"லிங்க் ராடைப் பார்த்தாச்சு, ஆட்டமே இல்லை" என்று பட்டறையில் சொல்லியிருப்பார்கள். அதில் பொய் இருக்காது. ஒரு பக்கச் சக்கரத்தை மட்டும் ஜாக்கி போட்டுத் தூக்கினால் ஸ்டெபிலைசர் கம்பி முறுக்கிக்கொண்டு நிற்கும், லிங்க் ராடு விறைப்பாகிவிடும், அந்த நேரத்தில் பிடித்து ஆட்டினால் புதுசு மாதிரி அசையாது. நானே இப்படி ஏமாந்திருக்கிறேன். ஒரு வண்டியை ஜாக்கியில் ஏற்றி ஒரு மதியம் முழுக்க எதையெதையோ கழற்றிப் பார்த்துவிட்டு, கடைசியில் வெறுத்துப்போய் எல்லாவற்றையும் மாட்டி வண்டியைப் பிட் மேல் நிறுத்தச் சொல்லி, நான்கு சக்கரமும் தரையில் இருக்கும்போது கீழே இறங்கி லிங்க் ராடின் கீழ் மூட்டைப் பிடித்து மேலும் கீழும் அழுத்தினேன். கட்டை விரலில் 'டிக்' என்று ஒன்று. ஒரு மில்லிமீட்டர்கூட இருக்காது அந்த ஆட்டம். ஆகவே, நான்கு சக்கரமும் தரையில் நிற்க வேண்டும், அல்லது முன் சக்கரம் இரண்டும் ஒன்றாகத் தொங்க வேண்டும். ஒன்று தரையில், ஒன்று அந்தரத்தில் என்று வைத்து லிங்க் ராடைப் பார்க்கவே கூடாது.

அப்படியும் சந்தேகம் தீரவில்லை என்றால் லிங்க் ராடு இரண்டையும் கழற்றி வைத்துவிட்டு, கம்பி எங்கேயும் இடிக்காதபடி கட்டிவிட்டு, பட்டறை இருக்கிற தெருவிலேயே ஆள் நடக்கிற வேகத்தில் ஒரு சுற்று. சத்தம் நின்றுவிட்டால் முடிந்தது கதை. அதோடு மெயின் ரோட்டுக்குப் போகாதீர்கள், மலைக்கு நினைக்கவே நினைக்காதீர்கள்.

மாற்றும்போது ஜோடியாக மாற்றுங்கள். நட்டை முடுக்கும்போது நடுவில் இருக்கிற முளை கூடவே சுற்றும், அதை இன்னொரு சாவியால் பிடித்துக்கொண்டுதான் முடுக்க வேண்டும். சுற்ற விட்டால் ரப்பர் உறை முறுக்கிக் கிழியும், கிழிந்த வழியாகத் தண்ணீரும் மண்ணும் போய்ப் புது மூட்டும் சீக்கிரமே ஆட ஆரம்பிக்கும். லிங்க் ராடுக்கு அலைன்மென்ட், அதாவது சக்கரக் கோணம் சரிபார்ப்பது, தேவையில்லை. ஆனால் ஷாக் மாற்றியபோது அலைன்மென்ட் பார்த்தார்களா? இல்லையென்றால் அதை முதலில் செய்யுங்கள், டயர் மிச்சமாகும்.

ஒருவேளை லோயர் ஆர்ம் புஷ் என்று முடிவானால் இதை மட்டும் மெக்கானிக் பக்கத்தில் நின்று பாருங்கள். அந்த போல்ட்டைக் கடைசியாக முடுக்கும்போது வண்டியின் கனம் சக்கரத்தின் மேல் இருக்க வேண்டும். சக்கரம் தொங்கும்போதே முடுக்கிவிட்டால், கீழே இறக்கிய நிமிடத்திலிருந்து உள்ளே இருக்கிற ரப்பர் முறுக்கிக்கொண்டே இருக்கும், வண்டி வீட்டில் சும்மா நிற்கும்போதும்கூட. "ஒரிஜினல் புஷ்தான் போட்டேன், நான்கு மாதத்தில் போய்விட்டது" என்று வருகிற வண்டிகளில் நான் முதலில் விசாரிப்பது இதைத்தான்.

கேள்வி: நாகலூர் பக்கம் காப்பித் தோட்டம் வைத்திருக்கிறோம். சேலத்துக்கு இறங்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் முன்னால் எங்கேயோ 'டொக்' என்று ஒரே ஒரு அடி. மறுபடி அழுத்தினால் இன்னொன்று. பள்ளம் மேடெல்லாம் சத்தமில்லாமல் போகிறது. விசித்திரம் என்னவென்றால், ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டுக் காலையில் இறங்கினால் முதல் சில வளைவுகளுக்குச் சத்தமே வருவதில்லை. பேட்டரியில் கோளாறா?

பதில்: அம்மா, பாதி வேலையை நீங்களே முடித்துவிட்டீர்கள். பேட்டரிக்கு ஒன்றும் இல்லை.

காலை எடுத்ததும் மோட்டார் ஜெனரேட்டராக மாறி வண்டியைப் பிடித்து இழுக்கிறது, அதுதான் ரீஜென். அதுவரை முன்னே தள்ளிக்கொண்டிருந்த சக்தி சட்டென்று திசை மாறுகிறது. பேட்டரி நிறைந்திருந்தால் திரும்பி வருகிற மின்சாரத்தை வைக்க இடமில்லை, அதனால் வண்டியே ரீஜெனைக் குறைத்துவிடும். சில வளைவு இறங்கி, கொஞ்சம் செலவானதும் ரீஜென் திரும்புகிறது, கூடவே 'டொக்'கும் திரும்புகிறது. ரோடு தட்டுவதால் வருகிற சத்தமில்லை இது, இழுவை மாறும்போது வருவது. எங்கேயோ ஒன்று ஒரு நூல் அளவுக்கு முன்னும் பின்னும் நகர்கிறது.

எது என்று பிரிக்க ஒரு வழி இருக்கிறது, மலை ரோட்டில் வேண்டாம், கீழே சமதளத்தில் ஆள் நடமாட்டம் இல்லாத இடமாகப் பார்த்துச் செய்யுங்கள். உங்கள் வண்டியில் ரீஜென் அளவை மாற்ற முடிந்தால் பூஜ்யத்தில் வையுங்கள் (சில வண்டிகளில் கால் பிரேக்கை அழுத்தினாலும் ரீஜென் சேர்ந்து வரும், அவற்றில் இந்தச் சோதனை உதவாது). 30 கிலோமீட்டர் வேகத்தில் போய்க் காலை எடுங்கள். சத்தம் வராது. இப்போது அதே வேகத்தில் கால் பிரேக்கை இதமாக அழுத்துங்கள். பிரேக்குக்கும் 'டொக்' வந்தால் சக்கரத்தைப் பின்னுக்கு இழுக்கும்போது அசைகிற சாமான்தான் காரணம், பெரும்பாலும் லோயர் ஆர்மின் பின்பக்கப் பெரிய புஷ், அல்லது அந்த ஆர்மைத் தாங்குகிற சட்டமான சப்ஃபிரேமின் போல்ட், சில சமயம் பிரேக் பேடே அதைப் பிடித்திருக்கிற கேலிபருக்குள் ஆடும். பிரேக்குக்கு அமைதி, ரீஜெனுக்கு மட்டும் 'டொக்' என்றால் மோட்டாரைத் தாங்குகிற மவுண்டையும் சக்கரத்தைச் சுற்றுகிற டிரைவ் ஷாஃப்டையும் பார்க்கச் சொல்லுங்கள். இஞ்சின் இல்லாத வண்டிக்கு எதற்கு மவுண்ட் என்று கேட்காதீர்கள், ரப்பர் கிழிந்தால் மோட்டார் ஒவ்வொரு தடவையும் தலையாட்டும்.

ரிவர்ஸ் எடுத்துவிட்டு முன்னால் கிளம்பும்போது மட்டும் சுத்தமாக ஒரு 'டிக்' வந்தால் அது வேறு கதை. டிரைவ் ஷாஃப்டின் முகமும் வீல் பேரிங்கின் முகமும் உரசுகிற இடம் காய்ந்து போயிருக்கும். சென்டர் நட்டைக் கழற்றி, அந்த முகங்களைத் துடைத்து, அதற்கான பேஸ்ட்டைப் பூசி, புது நட்டு போட்டு, கையேட்டில் சொன்ன அளவுக்கு, முறுக்கை அளந்து முடுக்குகிற டார்க் ரெஞ்சில் முடுக்கினால் போய்விடும். பழைய நட்டையே திரும்பப் போடுகிறேன் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்று, கேட்காததுதான், இருந்தாலும் சொல்கிறேன். மலையிலிருந்து இறங்கப் போகிற காலையில் 100 வரை சார்ஜ் ஏற்ற வேண்டாம், 80 போதும். சேலம் வரைக்கும் பெரும்பாலும் இறக்கம்தானே, ரீஜெனும் முதல் வளைவிலிருந்தே பிடிக்கும், பிரேக்கும் சூடாகாது.

கேள்வி: முன்பக்கம் கீச் கீச் என்று எலி கத்துகிற மாதிரி சத்தம். மழை பெய்தால் நின்றுவிடுகிறது. தெரிந்த மெக்கானிக் ஒருவர் அடியில் டீசல் அடித்துவிட்டார், இரண்டு வாரம் நன்றாக இருந்தது, இப்போது முன்பைவிட மோசம். – அயோத்தியாப்பட்டணம் வாசகர்

பதில்: டீசல், பழைய இஞ்சின் ஆயில், சாதா கிரீஸ் எதுவும் ரப்பருக்கு ஆகாது. ரப்பர் ஊறி உப்பும், அப்புறம் பொடியும். அந்த இரண்டு வார நிம்மதிக்கு ஒரு புஷ்ஷின் ஆயுளைக் கொடுத்திருக்கிறீர்கள். மழையில் நிற்கிறது என்பதால் காய்ந்த ரப்பர்தான், அநேகமாக ஸ்டெபிலைசர் புஷ். ஒரு பாட்டிலில் வெறும் தண்ணீர் எடுத்து ஒவ்வொரு புஷ்ஷாக நனைத்து, ஒருவரை பானட் பக்கம் அமுக்கி அமுக்கி விடச் சொல்லுங்கள், எதை நனைத்ததும் சத்தம் நிற்கிறதோ அதுதான் ஆள். டீசல் குடித்த புஷ்ஷை மாற்றிவிடுங்கள், விலை பெரிதில்லை. புதுசுக்கு ஏதாவது பூசித்தான் ஆக வேண்டும் என்றால் சிலிக்கோன் கிரீஸ், அதுவும் கையேடு அனுமதித்தால்.

மழை விட்ட மறுநாள் காலையில், கிளம்பிய கொஞ்ச நேரத்துக்கு மட்டும் தட்டுவடையை நொறுக்குகிற மாதிரி கரகரவென்று வந்தால் பயப்பட வேண்டாம். பிரேக் டிஸ்க் மேல் துரு. ரீஜெனே எல்லா வேலையும் செய்வதால் எலெக்ட்ரிக் காரில் கால் பிரேக்குக்கு வேலை குறைவு, துரு தங்கிவிடும். சமதளத்தில் நான்கு தடவை கால் பிரேக்கைப் பிடித்தால் உதிர்ந்துவிடும்.

கேள்வி: எலெக்ட்ரிக் கார் சஸ்பென்ஷனை அம்மாப்பேட்டையில் எங்கள் தெரு மெக்கானிக்கிடம் கொடுக்கலாமா? வாரன்டி போய்விடுமா? டிக்கியில் வேறு ஏதோ உருளுகிறது.

பதில்: பேட்டரிக்கு 8 வருடம் என்று பல கம்பெனிகள் தருகிற வாரன்டியில் புஷ்ஷும் லிங்க் ராடும் வராது. வண்டியின் பொது வாரன்டி இன்னும் ஓடுகிறதா என்று புத்தகத்தில் பாருங்கள், ஓடினால் முதலில் சர்வீஸ் சென்டர்தான், சத்தத்தை ஜாப் கார்டில் எழுத வைத்துவிடுங்கள். முடிந்திருந்தால் தாராளமாகத் தெரு மெக்கானிக்கிடம் போகலாம், ஸ்பிரிங்குக்கும் ஷாக்குக்கும் மேலே ஓடுவது பெட்ரோலா கரண்டா என்று தெரியாது. இரண்டு விஷயம் மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள். ஜாக்கி, பக்கவாட்டில் கம்பெனி காட்டியிருக்கிற இடத்தில் மட்டும்தான், நடுவில் தட்டையாக இருக்கிறதே என்று முட்டுக் கொடுத்தால் அது பேட்டரிப் பெட்டி. உயர் அழுத்த மின்சாரம் போகிற ஆரஞ்சு நிற ஒயர் கண்ணில் பட்டால் கை அந்தப் பக்கம் போகக் கூடாது. வண்டியை முழுசாக அணைத்துவிட்டு, சாவியை உங்கள் பையில் போட்டுக்கொண்டு தள்ளி நில்லுங்கள், சத்தமே இல்லாமல் ஓடத் தயாராக நிற்கிற வண்டிக்கு அடியில் யாரும் படுக்க வேண்டாம்.

டிக்கியில் உருளுவது சார்ஜர் பெட்டியாக இருக்கும். அதை வீட்டில் இறக்கி வைத்துவிட்டு ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். பின் ஷாக் போய்விட்டது என்று என்னிடம் வந்த ஒரு வண்டிக்கு நான் செய்த வைத்தியம், அந்தப் பெட்டிக்கு அடியில் ஒரு பழைய சாக்கை மடித்து வைத்ததுதான்.