கேட்டீர்கள், சொல்கிறேன்: பனிக்கு அடியில் ஒரு கூட்டம்

வட துருவக் கடல்பனியில் இறால் போன்ற பிராணிகள் வாழ்கின்றனவாமே? உறைந்து செத்துவிடாதா?

துருவக் கரடியைப் பற்றியே கேட்டுக்கொண்டிருந்தீர்கள். ஒருவராவது கீழே குனிந்து பார்த்தீர்களே, நன்றி.

கடல்நீர் உறையும்போது உப்பு பனிப் படிகத்துக்குள் சேர்வதில்லை. ஒதுக்கப்பட்ட உப்புநீர் பனிக்குள்ளேயே மயிரிழைச் சந்துகளாகத் தேங்கும். குளிர் ஏற ஏறச் சந்து குறுகும், உப்பு கூடும். மைனஸ் 10 டிகிரியில் அந்த நீர் கடலைப்போல் நான்கு மடங்கு உப்பாக இருக்கும். டயாட்டம் என்ற ஒற்றைச் செல் பாசிகள், கோப்பிபாட் என்ற ஓட்டுடலிகள் போன்ற மிகச் சிறிய உயிர்கள்தான் அதற்குள் புகும்.

நீங்கள் கேட்கும் சற்றுப் பெரிய பிராணிகள் ஆம்பிபாட்கள். அவை பனியின் அடிப்பரப்பில் தலைகீழாகத் தொற்றிக்கொண்டிருக்கும். மேலே காற்று மைனஸ் 30 ஆனாலும் அங்கே சுமார் மைனஸ் 1.8தான். சுற்றியுள்ள நீர் எவ்வளவு உப்போ, ஏறக்குறைய அவ்வளவு உப்பை உடல் திரவத்திலும் வைத்துக்கொள்வதால், அந்த நீர் உறையாதவரை அவையும் உறைவதில்லை. பனி முழுக்க இறுகி உள்ளே மாட்டிக்கொண்டால் மட்டும் ஆபத்து.

அவற்றின் பெயர் என்ன? எதைத் தின்னும்?

இரண்டைச் சொல்கிறேன். அஃபெரூசா கிளேசியாலிஸ் ஒன்றரை சென்டிமீட்டர்கூட இருக்காது. பனியில் படர்ந்த பாசிதான் முக்கிய உணவு. நன்றாக நீந்தும். காமரஸ் வில்கிட்ஸ்கீ அதைவிட இரண்டு மடங்குக்கு மேல் பெரியது. கொக்கிபோன்ற கால்களால் பனியைப் பற்றிக்கொண்டு ஐந்தாறு ஆண்டுகள் வாழும். தாய் முட்டைகளை வயிற்றுப் பையிலேயே சுமக்கும். பாசி, மட்கிய கழிவு, கோப்பிபாட், சக ஆம்பிபாட் என்று எதையும் விடாது. என்னைக் கேட்டால் பனிக்கு அடியில் உண்மையான ரௌடி இதுதான்.

நார்வே நாட்டுத் துருவ ஆய்வாளர் நான்சென் 1893 முதல் 1896 வரை ஃப்ராம் கப்பலைப் பனியோடு மிதக்கவிட்ட பயணத்தில் கிடைத்த ஓர் ஆம்பிபாட்டுக்கு அவர் பெயரையே வைத்தார்கள்: ஒனிசிமஸ் நான்செனி.

இவற்றை யார் வேட்டையாடுகிறார்கள்?

முதல் ஆள் துருவக் காட் மீன். அதன் இரத்தத்தில் உறைவைத் தடுக்கும் புரதம் இருப்பதால், குஞ்சு மீன்கள் பனி வெடிப்புகளுக்குள்ளேயே ஒளிந்திருந்து ஆம்பிபாட்டையும் கோப்பிபாட்டையும் பிடிக்கும். வளையச் சீல், நார்வால், பெலூகா திமிங்கிலங்கள் எல்லாம் இந்த மீனைத் தின்னும். சீலைக் கரடி தின்னும். பனி விளிம்பில் மூழ்கும் கருப்புக் கில்லிமாட் பறவையும் சிறு ஆக் பறவையும் மீனுக்காகக் காத்திராமல் ஆம்பிபாட்டை நேரடியாகவே கொத்திவிடும்.

தென் துருவத்திலும் இதே கதைதானா?

இல்லை. அங்கே கடல்பனியின் பெரும்பகுதி ஒவ்வொரு கோடையிலும் உருகிவிடும். பல ஆண்டு குடியிருப்பதற்கு இடமில்லை. இறால் போன்ற கிரில் என்ற பிராணியின் குஞ்சுகள் குளிர்காலத்தில் பனியடிப் பாசியைச் சுரண்டித் தின்று பிழைக்கும். கிரிலுக்கு எமன் அடெலி பெங்குயினும், சல்லடைப் பற்களால் கடல்நீரை வடிகட்டும் நண்டுண்ணிச் சீலும்.

பனி குறைந்தால் இவை என்னவாகும்?

1979 செப்டம்பரில் வட துருவக் கடல்பனி சுமார் 70 லட்சம் சதுர கிலோமீட்டர். 2012 செப்டம்பரில் ஒரு கட்டத்தில் 34 லட்சத்துக்குச் சுருங்கியது. பரப்பைவிட எனக்குக் கவலை பனியின் வயதுதான். ஐந்தாறு ஆண்டு வாழும் காமரஸுக்கு ஒரே குளிர்காலத்துப் பனி எதற்கு உதவும்? பிடி நழுவினால் ஆழ்கடலுக்குள் விழ வேண்டியதுதான். நார்வேக்கு வடக்கே உள்ள ஸ்வால்பார்டுத் தீவுகள் பக்கம் முன்போல அது கிடைப்பதும் இல்லை.

அஃபெரூசா கொஞ்சம் சாமர்த்தியசாலி. ஸ்வால்பார்டுக்கு வடக்கே, சூரியனே எழாத குளிர்காலத்தில், முட்டை சுமந்த பெண் அஃபெரூசாக்கள் பனியை விட்டு ஆழ்நீரில் பிடிபட்டன. கீழே ஓடும் அட்லாண்டிக் நீரோட்டம் அவற்றை மறுபடியும் பனிப் பகுதிக்குள் சேர்க்கக்கூடும் என்பது ஆய்வாளர்களின் ஊகம். காமரஸுக்கு அப்படி ஒரு வழி இருப்பதாக யாரும் காட்டவில்லை.