புல் குவியல் நாறினால் பிள்ளைகளுக்கு என்ன சொல்வது?

வணக்கம் டீச்சர். சுங்கை சிப்புட் பள்ளியில் வெட்டிய புல்லை உரத்துக்காகக் குவித்தால் நாறுகிறது, இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடுகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அந்த நாற்றத்திலிருந்தே பாடத்தைத் தொடங்குங்கள். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள்தான் இலையைத் தின்று உரமாக்குகின்றன. அவற்றுக்கும் காற்று வேண்டும். ஈரப்புல் அப்பிக்கொண்டால் காற்று போகாது, அழுகிவிடும். ஒரு பங்கு புல்லுக்கு இரண்டு மூன்று பங்கு காய்ந்த ரப்பர் இலை கலந்து, பிள்ளைகளையே கிளறச் சொல்லுங்கள். நம்ம ஊர் மழைக்கு மேலே ஒரு தகரம் கட்டாயம்.

சில நாள் கழித்து நடுவில் ஓர் இரும்புக் கம்பியைச் செருகி வையுங்கள். இடுப்பளவுக் குவியல் என்றால் உள்ளே 60 டிகிரி வரைகூட ஏறும். அதனால் எடுத்ததும் முதலில் நீங்கள் தொட்டுப் பாருங்கள். அப்புறம் பிள்ளைகள் தொடட்டும். நுண்ணுயிர் வேலை செய்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. மீன், எலும்பு மட்டும் போடவிடாதீர்கள், எலி வரும்.